அம்மா கைமுறுக்கு விற்பனைக்கு… லாபத்தில் அம்மாவுக்குப் பங்கு உண்டா?

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு உங்கள் போனிலும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அதில் வந்த வேலைச் செய்திகள் எல்லாம் ஒரே ரகம். ‘டீம் லீடர் ஆயிட்டேன்’, ‘துபாய்க்கு மாத்திட்டாங்க’, ‘ஜூன்ல இருந்து ஹெச்.எம். பொறுப்பு’. இப்போது அவற்றுக்கு நடுவே இன்னொரு ரகமும் வருகிறது. ‘வேலையை விட்டுட்டேன் ஃப்ரெண்ட்ஸ். எங்கம்மா கைமுறுக்கு, சீடை, பருப்புப்பொடி ஆர்டர் எடுக்கிறேன். சென்னை, கோவை, பெங்களூரு எங்கேயும் கூரியர் உண்டு.’

முதல் ஆர்டர்கள் அந்தக் குழுவிலிருந்தே வந்துவிடுகின்றன. யார் வீட்டுப் புளியோதரை, யார் வீட்டு எள்ளுருண்டை என்று மதிய மணி அடித்ததும் டிபன் பாக்ஸுக்காக அடித்துக்கொண்டவர்கள்தானே எல்லோரும்! புதிதாகக் கடை போடுபவர் வருடக்கணக்கில் சம்பாதிக்க வேண்டிய நம்பிக்கை இங்கே பத்தாம் வகுப்பிலேயே கிடைத்துவிட்டது. விளம்பரச் செலவு கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் தோழன், ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்புகிறான். ஐ.டி. வேலை பறிபோனவர்கள், பிள்ளை பெற்ற பிறகு அலுவலகம் திரும்ப முடியாதவர்கள், 45 வயதில் புது வேலைக்கு அலைந்து களைத்தவர்கள் என்று பலருக்கும் இது கைகொடுக்கிறது. அதில் சந்தேகமே இல்லை.

கும்பகோணம் பக்கத்தில் இப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். மகள் தனியார் வங்கியில் இருந்தவர். ஆர்டர் எழுதுவது, படம் எடுத்துப் போடுவது, பார்சல் கட்டுவது, பணம் வந்ததா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முறுக்கு சுற்றுவது அவருடைய அம்மா. வயது எழுபதை நெருங்குகிறது.

கைமுறுக்கு சுற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்துச் சலிக்க வேண்டும். வறுத்து அரைத்த உளுந்து மாவு, வெண்ணெய், சீரகம், பெருங்காயம். வெண்ணெய் கூடினால் எண்ணெயில் போட்டதும் உதிரும். குறைந்தால் பல்லை உடைக்கும். மாவு சற்று உலர்ந்தாலும் சுற்றும்போது விண்டுபோகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு முறுக்கேறியபடியே துணியில் வட்டமாக விழுகிறது. ஐந்து சுற்று, ஏழு சுற்று. கல்யாணச் சீருக்கென்றால் இன்னும் பெரியது. இதற்கு அச்சு கிடையாது. அச்சில் பிழிந்தால் அது வேறு முறுக்கு.

அடுப்படியிலும் அவர்தான். எண்ணெய் சலசலப்பு அடங்கும் ஓசையைக் கேட்டே எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்கிறார். பலமுறை காய்ந்த எண்ணெயில் சேரும் கேடான துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை அளக்கக் கருவி உண்டு. அந்த வீட்டில் கருவி இல்லை. அம்மாவின் மூக்கு இருக்கிறது. நுரை மாறினால், லேசாகக் காறல் அடித்தால், ‘இந்த எண்ணெய் போதும், மாத்து’ என்கிறார். ஆக, தயாரிப்பும் அவர்தான், தரக்கட்டுப்பாடும் அவர்தான்.

மகள் தன் கணக்கை ஒளிவுமறைவின்றிக் காட்டினார். அரிசி, உளுந்து, வெண்ணெய், கடலை எண்ணெய், கேஸ், டப்பா, ஸ்டிக்கர், கூரியர், உடைந்துபோனதற்குக் கழிவு என எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறார். மீதி லாபம். அந்தப் பட்டியலில் சுற்றும் கூலி என்று ஒரு வரி இல்லை. “அம்மாவுக்குக் கூலியா?” என்று அவர் திகைத்துப்போனார். அம்மாவைக் கேட்டோம். “எனக்கென்னம்மா செலவு இருக்கு… இவ நல்லா இருந்தா போதும்” என்றார், முழங்காலை நீவிவிட்டுக்கொண்டே.

நாம் பேசிய மற்ற வீடுகளிலும் இதே கதைதான். ஓரிடத்தில் மாமியாரின் ஊறுகாய், ஓரிடத்தில் பெரியம்மாவின் ரசப்பொடி, இன்னோரிடத்தில் விதவையான அத்தையின் அதிரசம். டப்பாவில் அம்மா படம். வங்கிக் கணக்கில் மகன் பெயர். உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜி.எஸ்.டி. எல்லாம் பிள்ளைகள் பெயரில். காலமெல்லாம் அடுப்படியில் சம்பளமின்றி நின்ற பெண், இப்போது அதே அடுப்படியில் ஒரு நிறுவனத்துக்குச் சம்பளமின்றி நிற்கிறார். அன்று வீட்டுக்குத் தேவையான முறுக்கைச் சுற்றினார். இன்று ஊருக்கெல்லாம் சுற்றுகிறார். இதைப் பாரம்பரியம் என்று சொல்லிக் கடந்துபோக மனம் வரவில்லை.

குடும்பத்துக்குள் கூலி பேசுவது பாசத்தைக் கொச்சைப்படுத்துவது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வியாபாரக் கணக்கை மட்டுமாவது பார்க்கட்டும். அம்மாவின் கூலியைச் சேர்க்காமல் போட்ட விலை பொய் விலை. தீபாவளிக்கு ஆர்டர் இரட்டிப்பானால் வெளியாள் வைக்க வேண்டும். அவருக்குக் கூலி கொடுத்த அன்றே லாபம் காணாமல் போகிறது. விலையை ஏற்றினால், ‘ஏய், நமக்குள்ள என்ன இவ்ளோ ரேட்டு’ என்று குழுவில் பேச்சு வருகிறது. உடனே பழைய விலைக்கு இறங்கி, வெளியாளை நிறுத்திவிட்டு, அம்மாவை இன்னும் நான்கு மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் கடையே மூடல். எழுபது வயது முழங்காலை நம்பியா தொழில் நடத்துவது?

சட்டப்பூர்வ வேலைகளைப் பலரும் ஒழுங்காகவே செய்கிறார்கள். 14 இலக்கப் பதிவு எண், சேர்மானப் பட்டியல், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், பச்சைப் புள்ளி எல்லாம் டப்பாவில் இருக்கின்றன. பாக்கெட் போட்ட கார வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது இவர்களுக்கு நல்ல செய்தி. சறுக்குவது ஓரிடத்தில்தான். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் விற்பதற்குத்தான். பெங்களூருத் தோழிக்கு விற்று அனுப்பினாலே அது மாநிலம் தாண்டிய விற்பனை, பதிவு கட்டாயம். இதையெல்லாம் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். அம்மாவின் பங்கைச் சரிசெய்ய ஆடிட்டர் போதாது.

புவிசார் குறியீடு காப்பாற்றும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல், மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் அது கிடைத்தது. ஊருக்குக் கிடைத்த பெருமை அது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் குறியீடு காப்பது ஊரின் பெயரை. உங்கள் வீட்டு அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அதனால் ஒரு ரூபாய் உரிமையும் வராது. அதை வீட்டுக்குள்தான் எழுதிவைக்க வேண்டும்.

எழுதிவைத்தவர்களும் இருக்கிறார்கள். 1959-ல் பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் இட்டுத் தொடங்கிய கூட்டுத் தொழிலின் கதை எல்லோருக்கும் தெரியும். அதன் வளர்ச்சியைப் பேசுகிறோம். அதன் விதியைப் பேசுவதில்லை. அப்பளம் இடும் ஒவ்வொரு பெண்ணும் அங்கே உரிமையாளர். கூலியும் உண்டு, லாபத்தில் பங்கும் உண்டு. அறுபது ஆண்டு தாண்டியும் அது நிற்பதற்கு அந்த விதிதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

திருநெல்வேலியில் ஒரு மருமகள் இதைத் தன் வீட்டளவில் செய்திருக்கிறார். மாமியாரோடு கூட்டாண்மைப் பத்திரம் எழுதிக்கொண்டார். 1932-ஆம் ஆண்டுச் சட்டம்தான். இரண்டு பேர் போதும். லாபம் பாதிக்குப் பாதி. கிலோவுக்கு இவ்வளவு என்று செய்கூலி தனியாக மாமியாரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. என்ன மாறியது என்று கேட்டோம். “அத்தை முதல்ல செஞ்சது, ஒரு கல்யாண ஆர்டரை வேண்டாம்னு சொன்னதுதான். நாள் பத்தாது, அவசரத்துல செஞ்சா பதம் போயிரும்னாங்க. முன்னாடின்னா வாயத் திறக்காம உக்காந்து செஞ்சிருப்பாங்க” என்றார் மருமகள். பிறகு விலையை ஏற்றச் சொன்னதும் மாமியார்தான். ஏற்றினார்கள். வாடிக்கையாளர்கள் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கு இப்போது அவரே மாவுப் பதம் சொல்லிக்கொடுக்கிறார். அவர்களுக்கும் கிலோ கணக்கில் கூலி.

முறை அழியாமல் இருக்கவும் இதுவே வழி. இலவசமாகச் செய்யும் வேலையை யார் கற்றுக்கொள்ள முன்வருவார்கள்? கூலி இருந்தால் அடுத்த தெருப் பெண் வந்து உட்காருவாள், கற்றுக்கொள்வாள். இல்லையென்றால் அந்த அம்மாவின் விரல் ஓய்கிற நாளில் அந்த முறுக்கும் ஓய்ந்துவிடும்.

ஆகவே, தொழில் தொடங்கியிருக்கும் தோழர்களே, தோழிகளே, இன்று இரவே உங்கள் கணக்கில் செய்கூலி என்று ஒரு வரி சேருங்கள். அம்மா பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா பாருங்கள், அதன் ஏ.டி.எம். அட்டை அவர் கையில் இருக்கட்டும். வாங்கும் நண்பர்களே, குழுவில் தள்ளுபடி கேட்காதீர்கள். நீங்கள் குறைக்கச் சொல்லும் ஐம்பது ரூபாய் வெண்ணெய்க் கடைக்காரரிடம் குறையாது, கூரியரிடமும் குறையாது. முறுக்கு சுற்றுகிறவரின் கூலியில்தான் குறையும். இந்தத் தீபாவளிக்கு ஆர்டர் போடும்போது, ‘அம்மாவுக்கு இதில் எவ்வளவு?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.