பூநாரைக்கும் ஒரு டைம்டேபிள் உண்டு

நவி மும்பையிலும் தாணேயிலும் குடியிருக்கும் நம் சங்கக் குடும்பங்களுக்குப் பூநாரைகளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குளிர்காலம் தொடங்கி மே மாதம் வரை தாணே கழிமுகத்துச் சேற்றில் ஆயிரக்கணக்கில் அவை மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். 2015-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்கழிமுகம், 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. நிற்கும் பூநாரையைச் செல்போனிலேயே படமெடுத்துவிடலாம். பறக்கும் பூநாரைக்குக் கொஞ்சம் கணக்குத் தெரிய வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட அந்தக் கணக்கை நம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஷட்டர் கணக்கு

நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்தவன். எதையும் வேகம், தூரம், நேரம் என்று பிரித்தால்தான் எனக்கு விளங்கும். பறவை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். அது வினாடிக்குச் சுமார் 14 மீட்டர். ஷட்டர் 1/125 வினாடி திறந்திருந்தால் அதற்குள் பறவை 11 செ.மீ. நகர்ந்துவிடும், படம் கலங்கிப்போகும். அதுவே 1/2000 வினாடி என்றால் வெறும் 7 மி.மீ.தான். ஆகவே பூநாரைக்கு 1/2000 என்று வைத்துக்கொள்கிறேன். சிறகை அசைக்காமல் வட்டமிடும் பருந்துக்கு 1/1000 போதும். மீன்கொத்திக்கு 1/3200-உம் சில சமயம் போதாது.

வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் குறையும். 1/500-லிருந்து 1/2000-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. 400 இருந்த இடத்தில் 1600 வைக்க வேண்டும். அதனால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று பலர் தயங்குகிறார்கள். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. நான் கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டரை 1/2000, அப்பர்ச்சரை எஃப் 5.6 அல்லது 8 என்று நிறுத்திவிட்டு, ஐ.எஸ்.ஓ.-வை மட்டும் ஆட்டோவில் விடுகிறேன். அதற்கு மேல் எல்லை 3200.

ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள். சில கேமராக்களில் இது ஏ.எஃப்-சி என்றும் சிலவற்றில் ஏ.ஐ. சர்வோ என்றும் இருக்கும். பறவை நெருங்க நெருங்க லென்ஸும் தானே சரிசெய்துகொள்ளும். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பல, பறவையின் கண்ணையே கண்டுபிடித்துத் தொடர்கின்றன.

வானம் பின்னணியாக இருந்தால் கேமரா ஏமாந்து பறவையைக் கருப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்ட வேண்டும். கரும்பச்சை அலையாத்தி மரங்களுக்கு முன்னே வெள்ளைக் கொக்கு பறந்தால் ஒரு படி குறைக்க வேண்டும்.

இன்னொன்று. ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்துக் கம்பங்கள் பறக்கும், தூரத்து மலை நகராது. பறவையும் அப்படித்தான். அருகில் குறுக்கே போவது கடினம். தூரத்திலிருந்து நம்மை நோக்கி வருவது எளிது. குறுக்கே போவதைப் பிடிக்கக் கைகளை மட்டும் திருப்பாமல் இடுப்போடு சேர்ந்து திரும்புங்கள். பறவை எதிரே வந்த பிறகு கேமராவைத் தூக்காமல், தூரத்தில் வரும்போதே கண்ணில் வைத்துத் தொடருங்கள்.

எழுப்பிவிடத் தேவையில்லை

இவ்வளவும் தெரிந்த பிறகும், பறவை எப்போது பறக்கும் என்று தெரியாவிட்டால் பயனில்லை. இங்கேதான் சிலர் கை தட்டுவதும் கல் எறிவதுமாக இருக்கிறார்கள். ஒரு நாள் நெருல் பக்கத்தில் நம் தமிழ்ப் பையன் ஒருவன், புதுக் கேமராவோடு நின்றவன், என்னிடம் கேட்டான்: "அங்கிள், ஒரு தடவை கை தட்டி எழுப்பிவிடட்டுமா?"

"வேண்டாம் தம்பி. தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. அரை மணியில அதுவே கிளம்பும், பாரு."

அப்படியே கிளம்பின. காரணம் எளிது. கடல் நீர் இறங்கியிருக்கும்போது பூநாரைகள் கழிமுகச் சேற்றில் மேயும். நீர் ஏறிச் சேறு மூழ்கிவிட்டால் நிற்க இடமில்லாமல் நெருல், சீவுட்ஸ் பக்கத்து நீர்நிலைகளுக்குப் பறந்து வரும். நீர் இறங்கியதும் திரும்பிப் போகும். கடலின் ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. மும்பைக்கான ஏற்ற இறக்க அட்டவணை கையில் இருந்தால் நமக்கு அதுவே டைம்டேபிள். அதுகூட வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது என்று பாருங்கள். அதற்கு இரண்டொரு நாள் முன்பு, முற்பகலில் பெரிய ஏற்றம் வரும். அன்று காலையிலேயே போய் நின்றுவிடுங்கள்.

நவி மும்பைக் கரைக்கு மேற்கே கழிமுகம். காலையில் சூரியன் நம் முதுகுப் பக்கம். பறவையின் முகத்தில் முழு வெளிச்சம். குளிர்காலக் காலைகளில் காற்றும் பெரும்பாலும் நிலத்திலிருந்து வீசும். எதிர்க்காற்றில் வரும் பறவை சற்று மெதுவாகத்தான் முன்னேறும். நமக்கு வேண்டியதெல்லாம் ஒரே நேரத்தில் கூடி வருகிறது. எதிர்க்கரையில் சிவ்ரியில் இதற்கு நேர்மாறு. அங்கே கழிமுகம் கிழக்கே இருப்பதால் மாலை வெளிச்சம்தான் சரி.

கை தட்டி எழுப்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் பறவையின் வால்தான் கிடைக்கும். பயந்த பறவை நம்மை விட்டு விலகித்தானே பறக்கும்? பறவைக்கோ நஷ்டம் பெரிது. தின்று சேர்த்த சக்தி வீணாகிறது; ஏற்ற நேரத்தில் ஒதுங்க இருக்கும் இடமும் பறிபோகிறது. 2024 மே 20 இரவு காட்கோபர் பகுதியில் விமானத்தில் மோதி 39 பூநாரைகள் இறந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல நான் நிபுணன் அல்ல. ஆனால் இத்தனை பெரிய ஊரின் ஆகாயத்தில் அவை எவ்வளவு குறுகிய இடைவெளியில் பிழைக்கின்றன என்பது அன்று புரிந்தது. நீர் ஏறும் நேரத்தில் அவை ஒதுங்கும் நீர்நிலைகள் தூர்ந்துபோனால், கை தட்டாமலே நாம் அவற்றை எழுப்பி விரட்டியவர்கள் ஆவோம்.

ஆகவே இந்தப் பருவத்தில் குழந்தைகளை ஒரு காலை அழைத்துப் போங்கள். கேமரா இல்லாவிட்டால் பைனாகுலர் போதும். பளிச்சென்ற உடை வேண்டாம், சத்தம் வேண்டாம், கரையை விட்டுச் சேற்றில் இறங்கவும் வேண்டாம். நீர் ஏறும்வரை பொறுத்திருங்கள். அவை பறந்து வரும்போது இறக்கையின் அடியில் தெரியும் சிவப்பையும் கருப்பையும் ஒருமுறை பார்த்த குழந்தை, அந்த நீர்நிலையை வெறும் காலி மனை என்று ஒருநாளும் நினைக்காது.