பச்சிளங் குழந்தைக்குக் கக்குவான் எப்படி வருகிறது?

கக்குவான் இருமல் ‘போர்டெட்டெல்லா பெர்டுசிஸ்’ என்னும் நுண்கிருமியால் உண்டாகிறது. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் சிறு துளிகள் வழியே அது பரவும். வீட்டைவிட்டு வெளியே செல்லாத குழந்தைக்கு அது பெரும்பாலும் வீட்டாரிடமிருந்தே தொற்றுகிறது. சிறு வயதில் போட்ட தடுப்பூசியின் பலன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துவிடும். பெரியவர்களுக்கு இந்நோய் வெறும் நாள்பட்ட இருமலாகவே தோன்றலாம்.

சின்னஞ்சிறு குழந்தை சில வேளைகளில் இருமுவதே இல்லை. மூச்சு நின்று உடல் நீலம் பாரிக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் குழந்தைக்கு முதல் தடுப்பூசி 2ஆம் மாதத்தில்தான் போடப்படுகிறது. கர்ப்பிணித் தாய் ஊசி போட்டுக்கொண்டால், நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே குழந்தைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் 16 முதல் 32 வாரங்களுக்குள் அதைப் போட்டுக்கொள்ளும்படி அங்கு பரிந்துரைக்கப்படுகிறது. இருமல் உள்ளவர்கள், தாத்தா பாட்டியே ஆனாலும், குணமாகும்வரை குழந்தையைத் தூக்கிக் கொஞ்சாமல் இருப்பது நல்லது.