ஊர்ச்சேவையும் ஊராட்சியும்

பொதுப்பணி என்றவுடன் கோட்டையும் சட்டமன்றமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் குழாயில் தண்ணீர் வருவதும், தெருவிளக்கு எரிவதும், சாக்கடை தூர் வாரப்படுவதும் உள்ளாட்சியின் பொறுப்பு. சேவை உள்ளம் படைத்த ஒரு பெண் அங்கே செல்வது எவ்வாறு? அதற்கு நம் கோவை மாவட்டத்திலேயே சான்று உண்டு.

மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் வாழ்ந்தவர் பாப்பம்மாள்; இயற்பெயர் ரங்கம்மாள். இளம் வயதில் பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டியின் கடையை ஏற்று நடத்தி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கிப் பயிரிட்டார். கடைக்கு வருவோரிடமும் காட்டில் உழைப்போரிடமும் பழகியவருக்கு ஊரின் குறைகள் தெரியாமல் இருக்குமா? தேக்கம்பட்டி ஊராட்சியின் வார்டு உறுப்பினராகவும், காரமடை ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராகவும் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்த 1993இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திற்கு வெகு காலம் முன்பே இது நடந்தது! 2021இல் இயற்கை வேளாண்மைக்காகப் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், நூறு வயதைக் கடந்து வாழ்ந்து, 2024 செப்டம்பரில் மறைந்தார்.

சேவை செய்வோருக்குப் பதவி எதற்கு என்று சிலர் கேட்பர். தாகித்தவருக்கு ஒரு குடம் நீர் தர நல்ல மனம் போதும். ஆனால் ஒரு தெருவுக்கே குழாய் பதிக்க வரிப்பணமும், மதிப்பீடும், மன்றத்தின் தீர்மானமும் தேவை. அந்தத் தீர்மானத்தில் வாக்களிப்பவரே உறுப்பினர். இல்லாதவரின் குரல் அங்கே ஒலிக்க, அவர்களை அறிந்த ஒருவர் அமர வேண்டும் அன்றோ?

கிராமத்தில் ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் என மூன்று படிகள் உள்ளன. சிற்றூராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் இல்லை. ஊரார் அறிந்த முகமே பலம். நகரத்திலோ, 1866இல் நகராட்சியாகத் தொடங்கிய கோவை, 1981இல் மாநகராட்சியாயிற்று. இன்று அதில் 100 வார்டுகள் உள்ளன. தமிழகத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. ஆயினும் நாற்காலியில் மனைவியும் அதிகாரத்தில் கணவனும் இருக்கும் நிலை சில இடங்களில் நீடிக்கிறது. சட்டம் இடத்தைத் தரும். துணிவையும் அறிவையும் நாமே தேட வேண்டும்.

மாணவியரே! வேட்பாளராக 21 வயது ஆக வேண்டும். ஆனால் 18 வயதில் வாக்காளரானவுடனேயே நம் ஊர்க் கிராம சபையில் நாமும் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் அது கூடும். அங்கே எழுந்து நின்று, வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். பெற்றோரே, உங்கள் மகளை ஒரு முறையேனும் அங்கு அழைத்துச் செல்லுங்கள். கேள்வி கேட்கப் பழகியவளே நாளை பொறுப்புடன் பதில் சொல்வாள்.