தமனித் தடிப்பில் ஆர்.என்.ஏ. குறிகளின் பங்கு

தமனித் தடிப்பு என்பது ரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்பு மெல்ல மெல்லப் படிந்து, அங்கே அழற்சி மூளும் நோய். எல்.டி.எல். கொலஸ்ட்ரால் சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைந்ததும், குழாயின் உள்ளணிச் செல்கள் ஒட்டுப் புரதங்களைத் தம் மேற்பரப்பில் தோற்றுவிக்கின்றன. வெள்ளையணுக்கள் அவற்றில் ஒட்டி உள்ளே நுழைகின்றன. கொழுப்பை விழுங்கி நுரைச் செல்களாக உப்புகின்றன. இந்தப் படிவின் மேல்மூடி கிழிந்தால் ரத்தம் உறைந்து மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன.

எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை. மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ. மீது செல் நுண்ணிய வேதிக் குறிகளை இடுகிறது. அந்த ஆர்.என்.ஏ. எவ்வளவு நேரம் சிதையாமல் இருக்கும், அதிலிருந்து எவ்வளவு புரதம் உருவாகும் என்பவை பெரும்பாலும் இக்குறிகளைப் பொறுத்தவை. எல்லா வகை ஆர்.என்.ஏ.க்களிலும் சேர்த்து இதுவரை 170க்கும் மேற்பட்ட குறி வகைகள் அறியப்பட்டுள்ளன. தூது ஆர்.என்.ஏ.வில் மிகுதியாகக் காணப்படும் 'எம்6ஏ' 1970களிலேயே கண்டறியப்பட்டது. அடினோசின் எழுத்தின் மேல் ஒரு மெத்தில் தொகுதி ஏறுவதே அது. இக்குறியை நீக்கும் நொதியும் செல்லில் உண்டு என்று 2011இல் தெரியவந்த பிறகுதான் இத்துறை வேகம் பிடித்தது. இட்ட குறியை அழிக்க முடியுமென்றால், செல் அதைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது என்றுதானே பொருள்!

தமனி நோயில் இதற்கு மிகத் தெளிவான சான்று, 2016இல் வெளியான கேதெப்சின் எஸ் பற்றிய ஆய்வு. தமனிச் சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் இழைகளை அறுக்கும் நொதி இது. இதன் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் 'ஆலு' எனப்படும் தொடர்கள் ஒன்றோடொன்று இணைந்து மடிந்து கிடக்கின்றன. ஏடார்-1 என்ற நொதி அங்குள்ள அடினோசின்களை இனோசின்களாக மாற்றுகிறது. மடிப்பு தளர்கிறது; காப்புப் புரதம் ஒன்று வந்து பற்றிக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஆர்.என்.ஏ. சிதையாமல் நிலைக்க, கேதெப்சின் எஸ் பெருகுகிறது. ஆக்சிஜன் குறைந்தாலும் அழற்சி மிகுந்தாலும் இம்மாற்றம் கூடுகிறது. தமனி நோயாளிகளிடமும் இது மிகுந்திருந்தது. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமல் இத்தனையும் நடக்கிறது. ஆலு தொடர்கள் மனிதர், குரங்கு இனங்களுக்கே உரியவை. ஆகவே எலிகளை மட்டும் ஆராய்ந்திருந்தால் இந்த வழிமுறை கண்ணில் பட்டிருக்காது.

எம்6ஏ குறியின் கதை இவ்வளவு நேரானதல்ல. அழற்சியின்போது பெருகும் மெட்டில்-14 என்ற நொதி, ஃபாக்ஸோ-1 என்ற புரதத்தின் ஆர்.என்.ஏ.வில் குறியிடுகிறது, அதனால் ஃபாக்ஸோ-1 பெருகி, ஒட்டுப் புரதங்களும் கூடுகின்றன. மெட்டில்-14 குறைக்கப்பட்ட எலிகளில் படிவு சிறுத்தது. இதன் இணை நொதியான மெட்டில்-3 பற்றிய முடிவுகளோ முரண்படுகின்றன. தமனி கிளை பிரியும் இடங்களில் ரத்தம் சீராக ஓடாமல் முன்னும் பின்னும் அலைகிறது. படிவு அதிகம் தோன்றுவதும் அங்கேதான். அத்தகைய ஓட்டத்தில் மெட்டில்-3 கூடி அழற்சியைத் தூண்டுவதாக ஓர் ஆய்வும், குறைந்துபோவதால்தான் நோய் வளர்வதாக இன்னோர் ஆய்வும் கூறுகின்றன. ஒரே நொதி ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ.க்களில் குறியிடுவதால், செல்லுக்குச் செல், சூழலுக்குச் சூழல் விளைவு மாறுவதில் வியப்பில்லை.

மருந்து உருவாக்குவதிலும் இதுவே பெரிய தடை. இந்நொதிகள் உடலெங்கும் வேலை செய்பவை. தமனிச் சுவரில் மட்டும் அவற்றை அடக்கும் வழி வேண்டும். மெட்டில்-3ஐத் தடுக்கும் மருந்து புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்படுகிறது. தமனித் தடிப்புக்கு அப்படி எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் ஆர்.என்.ஏ.வை வேதியியல் முறையில் மாற்றும் உத்தி வேறொரு வழியில் இந்நோயாளிகளை எட்டியிருக்கிறது. 2020இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற இன்கிளிசிரான் ஒரு சிறு ஆர்.என்.ஏ. துண்டு. கல்லீரலில் பி.சி.எஸ்.கே-9 புரதம் உருவாவதைத் தடுத்து, எல்.டி.எல். அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. வெறும் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் சீக்கிரமே சிதைந்துவிடும். எழுத்துகள் வேதியியல் முறையில் மாற்றப்பட்டிருப்பதால் இது நீண்ட நாள் தாங்குகிறது. தொடக்கத் தவணைகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி போதும்.