48 ஊசிகள்: யாருக்கு, எதுவரை?

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிளினிக்கிற்கு வேறு காரணத்திற்காகப் போய் ரத்தப் பரிசோதனை செய்தபோதுதான், ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி உடலில் இருப்பது பலருக்குத் தெரிய வருகிறது. மலேசியக் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறையாவது பரிசோதித்துக் கொள்வது நல்லது. ஆறு மாதத்திற்கு மேல் கிருமி நீங்காவிட்டால் அது நாட்பட்ட நோய். கவனிக்காமல் விட்டால் கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடலாம்.

சிகிச்சை இரண்டு வகை. எண்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகளைத் தினமும் ஒன்றாக, பெரும்பாலும் பல ஆண்டுகள் சாப்பிட வேண்டும். பெக்-இண்டர்ஃபெரோன் ஊசியோ வாரத்திற்கு ஒன்று, 48 வாரங்களில் முடிந்துவிடும். மாத்திரை கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. ஊசி உடலின் எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்புகிறது.

அப்படியானால் எல்லாரும் ஊசியே போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அங்கேதான் கவனம் தேவை. 'இ ஆன்டிஜென்' உள்ள நோயாளிகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கே இந்த ஊசி நல்ல பலன் தருகிறது. ஏ.எல்.டி. என்னும் கல்லீரல் நொதி வழக்கமான அளவைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்து, ரத்தத்தில் கிருமி அளவு குறைவாக இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிகள், கல்லீரல் செயலிழக்கும் அளவுக்கு நோய் முற்றியவர்கள், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல.

கிருமியின் மரபு வகையும் முக்கியம். கிழக்காசியாவில் பி, சி வகைகளும் இந்தியாவில் ஏ, டி வகைகளும் அதிகம். ஏ வகை ஊசிக்கு நன்றாகக் கட்டுப்படும். டி வகை அவ்வளவாகக் கட்டுப்படாது.

ஊசி தொடங்கிய 12ஆவது வாரத்தில் 'எஸ் ஆன்டிஜென்' அளவைப் பார்க்க வேண்டும். இ ஆன்டிஜென் உள்ளவர்களில், பி, சி வகையினருக்கு அது 20,000க்கு மேல் இருந்தாலோ, ஏ, டி வகையினருக்குச் சற்றும் குறையாவிட்டாலோ, மீதி 36 ஊசிகளால் பலன் கிடைப்பது அரிது. அப்போது ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாறலாம். இது தோல்வியல்ல, வீண் செலவையும் வேதனையையும் தவிர்க்கும் வழி.

காய்ச்சல், உடல்வலி, சோர்வு, ரத்த அணுக்கள் குறைதல் ஆகிய பக்க விளைவுகளுக்குப் பயந்து, சிலர் தாங்களாகவே ஊசியை விட்டுவிட்டுக் கீழாநெல்லியை நாடுகிறார்கள். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் கீழாநெல்லி பற்றி நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டது உண்மைதான். ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

ஊசியைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதைப் பயம் முடிவு செய்யக்கூடாது. பரிசோதனை எண்கள்தான் முடிவு செய்ய வேண்டும். செலாயாங் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களில் கல்லீரல் நிபுணர்கள் இருக்கிறார்கள். 12ஆவது வாரத்தில் அவர்களிடம், "என் எண் என்ன, டாக்டர்?" என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.