பக்கத்து எழுத்தைப் பார்த்து மாறும் எழுத்து

'மாமரம்' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தச் சொல்லில் மூன்று மகரங்கள். வேகமாக எழுதும் கையில் முதல் மகரம் அகலமாக அமரும், நடுவில் வருவது சற்று நெருங்கும், சொல் முடியும் இடத்தில் வருவதன் கோடு கொஞ்சம் ஓடி நிற்கும். கணினியில் தட்டினால் மூன்றும் அச்சு அசலாக ஒன்றே. கையெழுத்துப் போலத் தோன்ற வேண்டும் என்று செய்யப்படும் அலங்கார எழுத்துருக்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கொடிபோல் சுழன்ற ஓர் எழுத்து இரண்டு சொல் தள்ளி அதே சுழற்சியோடு வந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்ட எழுத்துருக்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஸாப்ஃபினோ'. அதை உருவாக்கியவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஸாப்ஃப் (1918–2015). பலட்டினோ, ஆப்டிமா ஆகிய புகழ்பெற்ற எழுத்துருக்களைத் தந்தவரும் இவரே. நியூரம்பர்க்கில் பிறந்த அவர் வனப்பெழுத்தை ஆசிரியரிடம் கற்கவில்லை. எட்வர்ட் ஜான்ஸ்டன், ருடால்ஃப் கோஹ் ஆகியோரின் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானே பழகினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் வரைபடம் வரையும் பணியில் இருந்தார். அந்த நாட்களில், 1944-ல், அவர் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் துள்ளி ஓடும் எழுத்துகளை எழுதிவைத்தார். ஸாப்ஃபினோவின் வேர் அந்தப் பக்கம்.

போர் முடிந்ததும் ஃபிராங்ஃபர்ட்டின் ஸ்டெம்பெல் அச்சு வார்ப்பகத்துக்காக அந்தப் பாணியில் ஓர் எழுத்தைச் செய்ய முயன்றார். 'விர்ச்சுவோசா' என்ற பெயரில் அது வெளிவந்தது. ஆனால் ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் செவ்வகக் கட்டை ஒன்றின் தலையில் இருக்கிறது. கோடு கட்டையைத் தாண்டி நீண்டால் அடியில் தாங்க உலோகம் இருக்காது. அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் ஒடிந்துவிடும். ஆகவே நீள வேண்டிய வால்களையெல்லாம் கட்டைக்குள் அடக்க வேண்டியதாயிற்று. கை அறிந்திருந்ததை உலோகம் தாங்கவில்லை.

1993-ல் அமெரிக்காவிலிருந்து டேவிட் சீகல் என்ற இளைஞர் ஸாப்ஃபுக்குக் கடிதம் எழுதினார். ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் வைத்து, கணிதத்தின் ஒழுங்கின்மைக் கோட்பாட்டின் துணையோடு அவற்றை மாற்றி மாற்றிப் போடும் எழுத்துரு ஒன்றைச் செய்யலாம் என்பது அவர் யோசனை. ஸாப்ஃபுக்கு அந்த 1944-ம் ஆண்டுப் பக்கம் நினைவுக்கு வந்தது. சீகல் நடுவில் விலகிக்கொண்டாலும், லைனோடைப் நிறுவனம் எடுத்து நடத்த, 1998-ல் ஸாப்ஃபினோ வெளிவந்தது. அப்போது ஸாப்ஃபுக்கு எண்பது வயது.

முதல் வெளியீட்டில் நான்கு முழு நெடுங்கணக்குகள் இருந்தன. எந்த இடத்தில் எதைப் போடுவது என்று பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அழகு இருந்தது; உழைப்பு மிகுதி. ஆப்பிள் கணினிகளின் மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தோடு வந்த பதிப்பில்தான் தேர்வும் எழுத்துருவின் வேலையானது. அந்தப் பதிப்பில் 1400-க்கும் மேற்பட்ட எழுத்து வடிவங்கள் இருக்கின்றன.

அது இயங்கும் விதம் இது. நாம் தட்டும்போது கணினி சேமிப்பது எழுத்தின் எண்ணை மட்டுமே. அந்த எண்ணுக்குத் திரையில் எந்த வடிவம் என்பதைத் தீர்மானிப்பது எழுத்துருவுக்குள் இருக்கும் விதிப் பட்டியல். முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன வருகிறது, சொல் இங்கே முடிகிறதா என்று பார்த்து வடிவத்தை மாற்றுகிறது. ஆங்கில 'எஃப்' இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஒரே கூட்டெழுத்தாகப் பின்னிக்கொள்ளும். பின்னால் இன்னோர் எழுத்தைத் தட்டியதும், முன்பே தட்டிய எழுத்து தன் வாலைச் சுருக்கி இடம் விடுவதைக் காணலாம். 'ஸாப்ஃபினோ' என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகத் தட்டும்போது, ஏழாவது எழுத்து விழுந்ததும் முழுச் சொல்லும் ஒரே சித்திரமாக மாறுவது இன்றும் எனக்கு வியப்பே. இத்தனைக்கும் சேமித்த எண்கள் மாறுவதில்லை. அதனால் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்கும்.

இதே வகை நுட்பம் தமிழுக்கு ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை. 'கொ' என்பதைக் கணினி ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டே எண்களாக வைத்திருக்கிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது வடிவமைப்பு நிரலின் வேலை. 'கு' என்ற தனி வடிவத்தை எடுத்துத் தருவது எழுத்துருவின் விதி. வாசிப்புக்கே இவ்வளவு செய்யும் விதிகளை வைத்து, சொல் முடிவில் நீளும் மகரத்தையும், அடுத்தடுத்து வந்தால் வேறுபடும் ணகரத்தையும் செய்யத் தடை ஏதுமில்லை. நம் வடிவமைப்பாளர்கள் இதில் இறங்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இவ்வகை எழுத்துரு எங்கே பொருந்தும்? அழைப்பிதழ், சான்றிதழில் பெறுபவர் பெயர், நூலின் மேலட்டை, வாழ்த்து அட்டை. ஓரிரு வரிக்கு மேல் போகக் கூடாது. ஸாப்ஃபினோவில் சிறிய எழுத்துகளின் உடல் மிகச் சிறியது; மேலும் கீழும் ஓடும் கோடுகளோ மிக நீளம். பத்தி முழுக்க அமைத்தால் ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். ஒரு பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளாலேயே அமைப்பதும் தவறு. ஒவ்வொரு பெரிய எழுத்தும் தனியாக வீசி நிற்க வரையப்பட்டது. நான்கைந்து வரிசையாக நின்றால் பெயரைப் படிக்கவே முடியாது. வரி இடைவெளியை வழக்கத்தைவிடத் தாராளமாக விட்டு, சுற்றிலும் வெற்றிடம் கொடுத்து, பெயரின் முதலெழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக வைத்தால் போதும்.