பெயர் யார் கையில்? ரூத்ஸ் கிறிஸ் ஸ்டேக் ஹவுஸின் தொழில் வரலாறு

ரூத்ஸ் கிறிஸ் ஸ்டேக் ஹவுஸ் உணவகங்களை நடத்திவந்த நிறுவனத்தை, 2023 ஜூன் மாதம் டார்டன் என்ற அமெரிக்க நிறுவனம் சுமார் 71.5 கோடி டாலருக்கு வாங்கியது. 1965-இல் ஒரு பெண் வீட்டை அடகுவைத்து, 22,000 டாலர் கடனில் தொடங்கிய தொழில் அது. ஒற்றைக் கடை எப்படிப் பல கிளைகளாகிறது, பிறகு அது யாருக்குச் சொந்தமாகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த வரலாற்றில் விடை உண்டு.

அடமானத்தில் வாங்கிய கடை

நியூ ஆர்லியன்ஸ் நகரின் குதிரைப் பந்தய மைதானத்துக்கு அருகே, கிறிஸ் மாட்டுலிச் 1927-இல் ‘கிறிஸ் ஸ்டேக் ஹவுஸ்’ உணவகத்தைத் திறந்தார். மாட்டிறைச்சியைத் தடித்த துண்டங்களாக வெட்டி, கடும் சூட்டில் வாட்டித் தருவதுதான் ஸ்டேக்.

1965-இல் அந்தக் கடை விற்பனைக்கு வந்தது. செய்தித்தாளில் விளம்பரத்தைப் பார்த்தவர் ரூத் ஃபெர்டெல். மணமுறிவுக்குப் பின் இரண்டு மகன்களை வளர்த்துவந்த அவர், துலேன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு அந்தச் சம்பளம் போதாது. வேண்டாம் என்று வக்கீலும் வங்கியாளரும் தடுத்தும் அவர் கேட்கவில்லை. கடையின் விலையான 18,000 டாலரை மட்டுமே கடனாகக் கேட்டார். பழுது பார்க்கவும் சரக்கு வாங்கவும் இன்னும் 4,000 டாலர் வேண்டும் என்று வங்கியாளர்தான் நினைவூட்டினார்.

உணவகத் தொழிலில் அவருக்கு அனுபவமே இல்லை. இறைச்சியை ரம்பத்தால் அறுக்கக்கூடத் தானே கற்றுக்கொண்டார். தம்மைப் போலத் தனியாகப் பிள்ளை வளர்த்த பெண்களைப் பரிமாறும் வேலைக்கு அமர்த்தினார். அதே ஆண்டு செப்டம்பரில் பெட்ஸி புயல் தாக்கி மின்சாரம் நின்றபோது, இருப்பில் இருந்த இறைச்சியைச் சமைத்து, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்.

ஒப்பந்தமும் தீ விபத்தும்

‘கிறிஸ் ஸ்டேக் ஹவுஸ்’ என்ற பெயரை அந்த ஒரே இடத்தில்தான் பயன்படுத்தலாம் என்பது விற்பனை ஒப்பந்தத்தின் நிபந்தனை. 1976-இல் தீ விபத்தில் கடை எரிந்தது. சில நாட்களிலேயே அருகில் இருந்த வேறொரு கட்டடத்தில் ரூத் கடையைத் திறந்தார். பழைய பெயரை அங்கே வைக்க முடியாததால், தம் பெயரை முன்னால் சேர்த்து ‘ரூத்ஸ் கிறிஸ் ஸ்டேக் ஹவுஸ்’ என்று பலகை மாட்டினார்.

புதிய பெயருக்கு இடக் கட்டுப்பாடு இல்லை. அதை அவர் பிறருக்கும் கொடுக்கலாம். வாடிக்கையாளர் ஒருவர் பேட்டன் ரூஜ் நகரில் முதல் ஃபிரான்சைஸ் கிளையைத் திறந்தார். இந்த முறையில் கிளை நடத்துபவர் சொந்த முதல் போடுவார். பெயரையும் செய்முறையையும் தாய் நிறுவனம் தரும். அதற்கு ஈடாகக் கட்டணமும் விற்பனையில் ஒரு பங்கும் பெறும். எங்கும் ஒரே ருசி இருந்தால்தான் இது நிலைக்கும். 1,800 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் வாட்டிய ஸ்டேக், 500 டிகிரி சூடேற்றிய தட்டு, மேலே பொரியும் வெண்ணெய் என்பது எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான அடையாளமானது.

கைமாறிய உரிமை

1999-இல் ரூத் தம் நிறுவனத்தின் பெரும்பங்கை மேடிசன் டியர்பார்ன் என்ற சிகாகோ தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார். இத்தகைய நிறுவனங்கள் ஒரு தொழிலை வாங்கி வளர்த்து, சில ஆண்டுகளில் லாபத்துக்கு விற்பவை. 2002-இல் ரூத் காலமானார். 2005 ஆகஸ்டில் நிறுவனம் பங்குச் சந்தையில் இறங்கியது. அதே மாதம் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சீரழித்தது. தலைமையகம் புளோரிடாவுக்கு மாற்றப்பட்டது. தீ விபத்துக்குப் பின் ரூத் திறந்த பிராட் தெருக் கடை மீண்டும் திறக்கப்படவே இல்லை. பெட்ஸி புயலில் ஊரோடு நின்ற கடை, கத்ரீனாவில் ஊரை விட்டுப் போனதே என்று நியூ ஆர்லியன்ஸ் மக்கள் கொண்ட கோபம் நியாயமானது.

2008-இல் மிட்செல்ஸ் ஃபிஷ் மார்க்கெட் உணவகங்களை நிறுவனம் சுமார் 9.4 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு பொருளாதாரச் சரிவு முற்றியது. அலுவலகச் செலவில் நடக்கும் விருந்துகள் இத்தகைய விலையுயர்ந்த உணவகங்களுக்கு முக்கிய வருமானம். மந்தம் வந்தால் முதலில் வெட்டப்படுவதும் அந்தச் செலவுதான். மிட்செல்ஸை 2015-இல் சுமார் 1 கோடி டாலருக்கே விற்க முடிந்தது. 2020-இல் கொரோனா காலத்தில் சிறுதொழில்களுக்கான அரசு உதவித் திட்டத்தில் ரூத்ஸ் கிறிஸ் நிறுவனம் 2 கோடி டாலர் பெற்று, மக்களின் எதிர்ப்புக்குப் பின் திருப்பிக் கொடுத்தது.

டார்டன் வாங்கியபோது கிளைகள் 150-ஐத் தாண்டியிருந்தன; அவற்றில் ஏறத்தாழ பாதி ஃபிரான்சைஸ் கிளைகள். வெளி முதலீடு தொழிலைப் பெருக்கியது உண்மை. ஆனால் நெருக்கடி நேரத்தில் யாருக்குத் துணை நிற்பது என்ற முடிவு, கடையை வளர்த்தெடுத்தவர் கையில் இல்லாமல் போனது. கடை வாங்குவோரும் கிளை எடுப்போரும் கையெழுத்திடுமுன் விலையை மட்டும் பார்க்காமல், பெயரின் உரிமை யாரிடம், எந்த எல்லை வரை என்பதையும் வரி விடாமல் படியுங்கள்.